குழந்தைகள் பெயரில் ஒரு வீடு

நம் ஊரில் வீடு வாங்குகிறவர்கள் எதையெல்லாம் பார்ப்பார்கள்? கிணற்றுத் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீரா என்று பார்ப்பார்கள். வாசல் எந்தத் திக்கு என்று பார்ப்பார்கள். எல்லாம் பிடித்துப்போன பிறகு கடைசியாக வில்லங்கம் பார்ப்பார்கள். வீட்டின் பேரில் அடமானம் உண்டா, பங்காளித் தகராறு உண்டா என்று விசாரிப்பார்கள். ஒன்றும் இல்லை என்றால் கிரயப் பத்திரம் எழுதிவிடலாம்.

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில், 1915-ம் ஆண்டு டிசம்பர் மாதம், ஒரு சின்ன வீடு கைமாறியது. விலை 1,500 டாலர். வீட்டில் வில்லங்கம் எதுவும் இல்லை. வாங்க வந்தவரிடம்தான் வில்லங்கம் இருந்தது. அவர் ஜப்பானில் பிறந்தவர்!

அந்த வீடு இன்றும் நிற்கிறது. அமெரிக்க சர்க்கார் அதை தேசியச் சரித்திரச் சின்னமாக 1990-ல் அறிவித்தது. அரண்மனை அல்ல, கோட்டை அல்ல. ஓட்டல் நடத்திப் பிழைத்த ஒரு குடும்பத்தின் மர வீடு. அதற்கு ஏன் இந்த மரியாதை என்பதுதான் கதை.

ஆரஞ்சு விளையும் ஊர்

கலிபோர்னியா மாகாணத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 55 மைல் தொலைவில் ரிவர்சைட் என்ற ஊர் இருக்கிறது. இப்போது அது பெரிய நகரம். ஆனால் 1910-ம் ஆண்டு ஜனக்கணக்கின்படி அங்கே இருந்தவர்கள் 15,212 பேர்தான். ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ஆரஞ்சுத் தோட்டம். ஊர் பணக்கார ஊர். பணம் தந்தது ஆரஞ்சு.

அந்த ஆரஞ்சுக்கும் சொந்த ஊர் அது அல்ல என்பது வேடிக்கை. விதையில்லாத அந்த ஜாதி ஆரஞ்சு பிரேசில் நாட்டிலிருந்து வாஷிங்டனுக்கு வந்து, அங்கிருந்து 1873-ல் இரண்டு கன்றுகளாக ரிவர்சைட்டுக்கு வந்தது. எலிசா டிபெட்ஸ் என்ற அம்மாள் அவற்றைத் தம் வீட்டு ஓரத்தில் நட்டு வளர்த்தார். அந்த இரண்டு கன்றுகளிலிருந்து ஒட்டுக் கட்டித்தான் ஊர் முழுவதும் தோட்டம் பெருகிற்று. பழம் பறிக்கச் சீனர்கள் வந்தார்கள். பிறகு ஜப்பானியர் வந்தார்கள், கொரியர்கள் வந்தார்கள், மெக்ஸிகோக்காரர்கள் வந்தார்கள். குடியேறிய மரத்தை ஊரார் கொண்டாடினார்கள். குடியேறிய மனிதர் விஷயம் வேறு.

ஜூகிச்சி ஹராடா என்பவர் ஜப்பானில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். அவர் மனைவி பெயர் கென். மூத்த பையன் ஜப்பானிலேயே பிறந்தவன். 1905 வாக்கில் இந்தக் குடும்பம் ரிவர்சைட்டில் குடியேறியது. ஹராடா தோட்ட வேலைக்குப் போகவில்லை. ஒரு சாப்பாட்டு விடுதி வைத்தார். அதற்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘வாஷிங்டன் ரெஸ்டாரண்ட்’! அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி பெயர். சுவரில் வாஷிங்டன் படம், லிங்கன் படம். பரிமாறியதும் அமெரிக்கச் சாப்பாடுதான். ‘நான் இந்த ஊர்க்காரன்’ என்று இதைவிடப் பலமாக ஒரு மனிதன் எப்படிச் சொல்வது?

கூடவே வெளியூர் ஆட்கள் வந்து தங்கும் விடுதியும் நடத்தினார். குடும்பமும் அங்கேயே குடியிருந்தது. வருவோர் போவோர் நெருக்கம். காற்றோட்டம் போதாது. 1913-ல் அவர்களுடைய பையன் டாடாவோவுக்குத் தொண்டை அடைப்பான் நோய் கண்டது. டிப்தீரியா என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். இன்று கைக்குழந்தைக்குப் போடும் தடுப்பூசி இந்த நோயை அண்டவிடாது. அன்று அந்தத் தடுப்பூசி வரவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை இறந்துபோனான்.

மிச்சமுள்ள பிள்ளைகளையாவது நல்ல காற்றுள்ள இடத்தில் வைத்து வளர்க்க வேண்டும் என்று தாய் தகப்பன் நினைத்தார்கள். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்க வேண்டும். தேவாலயமும் பக்கத்தில் இருந்தால் நல்லது. அப்படி ஹராடா தேடிப் பிடித்ததுதான் லெமன் வீதியில் இருந்த சின்ன வீடு. லெமன் வீதி என்றால் எலுமிச்சை வீதி. வெள்ளைக்காரர்கள் குடியிருந்த வீதி அது.

பத்திரத்தில் மூன்று பெயர்

இந்த இடத்தில் சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சலிப்பாக இருக்காது. கதையின் முடிச்சே இதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் பிறநாட்டார் பிரஜையாவதற்கு 1790-லேயே ஒரு சட்டம் செய்தார்கள். வெள்ளை நிறத்தவருக்குத்தான் அந்த உரிமை என்றது அச்சட்டம். 1870-ல் ஆப்பிரிக்க வம்சத்தாருக்கும் உரிமை கிடைத்தது. ஆசியாக்காரருக்கு இல்லை. ஒரு ஜப்பானியர் அங்கே ஐம்பது வருஷம் வாழ்ந்து, வரி கட்டி, வாஷிங்டன் படத்தைச் சுவரில் மாட்டினாலும் அவர் அந்நியர்தான்.

1913-ல் கலிபோர்னியா மாகாணம் இதன்மேல் இன்னொரு சட்டத்தை ஏற்றியது. பிரஜையாக முடியாத அந்நியர்கள் நிலம் வாங்கக்கூடாது என்றது. ‘ஜப்பானியர்’ என்ற வார்த்தையே அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் யாரைக் குறிவைத்தது என்பது எல்லாருக்கும் தெரியும். ஜப்பானிய விவசாயிகள் தரிசைத் திருத்திக் காய்கறியும் பழமும் விளைவித்து முன்னுக்கு வந்தார்கள். அது பலருடைய கண்ணை உறுத்திற்று.

இதற்கு நடுவே ஒரு சின்ன வாசல் திறந்திருந்தது. அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தம் 1868-ல் வந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்த குழந்தை அமெரிக்கப் பிரஜை என்று அது சொல்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க் என்ற சீன வாலிபர் சமையல் வேலை செய்தவர். தாய் தகப்பன் ஊருக்குப் போய்த் திரும்பியபோது அவரைக் கப்பலிலிருந்து இறங்கவிடாமல் தடுத்தார்கள். வழக்கு மிகப்பெரிய கோர்ட்டு வரை போனது. தகப்பன் சீனரானாலும் பிறந்த மண் அமெரிக்கா. ஆகவே அவர் பிரஜைதான் என்று 1898-ல் தீர்ப்பாயிற்று.

ஹராடா நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான். அவருடைய பிள்ளைகளில் மினே, சுமி என்ற இரண்டு பெண்களும் யோஷிசோ என்ற பையனும் அமெரிக்காவில் பிறந்தவர்கள். மூவருமே பத்து வயதுக்கு உட்பட்டவர்கள். வீட்டை அந்த மூன்று மைனர்கள் பெயரிலேயே வாங்கினார். பணம் கொடுத்தது தகப்பனார். சொந்தக்காரர்கள் குழந்தைகள். நம் பக்கத்திலும் மைனர் பேரில் சொத்து வாங்குகிறவர்கள் உண்டு. வரியை நினைத்தோ, கடன்காரனை நினைத்தோ வாங்குவார்கள். இவருக்கு வேறு வழியே இல்லை.

செய்தி வீதியில் பரவியது. அண்டை அயலார் ஒன்றுகூடினார்கள். குழு அமைத்தார்கள். ஜப்பானியக் குடும்பம் வந்தால் வீதியின் மதிப்புப் போய்விடும், வீடுகளின் விலை இறங்கிவிடும் என்பது அவர்கள் பேச்சு. ஹராடாவிடம் போய், கொடுத்ததைவிடக் கூடுதலாகத் தருகிறோம், வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார்கள். லாபத்துக்கு விற்க அருமையான சந்தர்ப்பம்! ஆனால் ஹராடா அசையவில்லை. என்னைக் கொன்றாலும் சரி, கடலில் தூக்கிப் போட்டாலும் சரி, விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை. ஒற்றை மாடி இல்லாத அந்த வீட்டின்மேல் 1916-ல் ஒரு மாடியும் எழுப்பினார்! வழக்கு வரப்போகிற வீட்டில் யாராவது கைக்காசைப் போட்டு மாடி கட்டுவார்களா? இவர் கட்டினார்.

மாகாணமும் மைனர்களும்

1916 அக்டோபரில் வழக்கு வந்தது. வழக்குப் போட்டது பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. கலிபோர்னியா மாகாணமே வாதி. மாகாணத்தின் தலைமைச் சட்ட அதிகாரி யுலிசிஸ் வெப் என்பவர். 1913-ம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்களில் அவரும் ஒருவர். இது கண்துடைப்பு, உண்மையான சொந்தக்காரர் தகப்பன்தான், குழந்தைகள் பெயர் வெறும் திரை, ஆகவே வீடு சர்க்காருக்குச் சேர வேண்டும் என்பது பிராது.

வழக்கு கிட்டத்தட்ட இரண்டு வருஷம் நடந்தது. அந்த இரண்டு வருஷமும் குடும்பம் அந்த வீட்டில்தான் குடியிருந்தது. குழந்தைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஓட்டல் திறந்தது, மூடியது. எதிரே, பக்கத்திலே, தங்களை வேண்டாம் என்றவர்களின் ஜன்னல்கள். கென் அம்மாள் தினமும் அந்த வீதியில் நடந்திருப்பார். கோர்ட்டுக் கட்டில் எழுதப்படாத கஷ்டம் அது.

1918 செப்டம்பரில் நீதிபதி ஹியூ கிரெய்க் தீர்ப்புச் சொன்னார். மாகாணத்தின் நிலச் சட்டம் செல்லாது என்று அவர் சொல்லவில்லை. ஹராடாவுக்கு நிலம் வாங்க உரிமை இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் குழந்தைகள் விஷயம் வேறு என்றார். அவர்கள் எளிய குடும்பத்தில் பிறந்தவர்களாக இருக்கலாம். என்றாலும் அமெரிக்கப் பிரஜைகள். பெற்றோர் யார் என்பதைக்கொண்டு ஒரு பிரஜையின் உரிமை கூடாது, குறையாது. இதுதான் தீர்ப்பின் சாரம். வீடு பிள்ளைகளுக்கே நின்றது.

ஒரு மாவட்டக் கோர்ட்டின் தீர்ப்புதான். ஆனாலும் அதன் பேச்சு அந்தச் சின்ன ஊருக்குள் நிற்கவில்லை. குழந்தைகள் பெயரில் நிலம் வாங்கியிருந்த எத்தனையோ ஜப்பானியக் குடும்பங்கள் அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருந்தன.

எதிர்த்தவர்களும் சும்மா இருக்கவில்லை. 1920-ல் ஜனங்களின் ஓட்டெடுப்பு மூலம் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். அந்நியரான தகப்பன் தன் குழந்தையின் நிலத்துக்குக் கார்டியனாகவும் இருக்கக்கூடாது என்றார்கள். அந்தப் பகுதி செல்லாது என்று மாகாண உச்ச நீதிமன்றம் 1922-ல் அடித்துவிட்டது.

இதில் நம் நாட்டாருக்கும் பங்கு உண்டு. பஞ்சாபிலிருந்து போன சீக்கிய விவசாயிகள் பலர் கலிபோர்னியாவில், முக்கியமாகத் தெற்கே இம்பீரியல் பள்ளத்தாக்கில், பயிர்த்தொழில் செய்துவந்தார்கள். பகத்சிங் திந்த் என்ற சீக்கியர் முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கப் பட்டாளத்தில் சேர்ந்தவர். அவர் பிரஜா உரிமை கேட்டதற்கு 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘நீர் வெள்ளையர் அல்ல’ என்று மறுத்துவிட்டது. அத்தோடு நிலச் சட்டம் நம்மவர்கள் மேலும் பாய்ந்தது. அவர்களில் பலர் மெக்ஸிகோ நாட்டுப் பெண்களை மணந்திருந்தார்கள். அவர்களும் பிற்காலத்தில் அங்கே பிறந்த தங்கள் குழந்தைகள் பெயரில் நிலத்தை எழுதிவைத்தார்கள். ஹராடா நுழைந்த அதே வாசல்தான்.

சனிக்கிழமை காலை 7 மணி

பிள்ளைகள் அந்த வீட்டில் வளர்ந்து பெரியவர்களானார்கள். சுமார் இருபது வருஷத்துக்குச் சொல்லும்படியான சண்டை சச்சரவு இல்லை. ஒரு வீட்டுக்கு அதைவிட நல்ல சரித்திரம் வேறு என்ன வேண்டும்!

1941 டிசம்பர் 7-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தில் குண்டு போட்டன. யுத்தம் மூண்டது. 1942 பிப்ரவரி 19-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். 9066-வது உத்தரவு என்று பெயர். அதன் பலனாக மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சத்தார் சுமார் 1,20,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்காவிலேயே பிறந்த பிரஜைகள். இவர்கள் உளவு பார்த்தார்கள் என்று வழக்கு இல்லை, விசாரணை இல்லை. கையில் தூக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்பது கட்டளை. சட்டையில் நம்பர் எழுதிய சீட்டைக் கட்டிவிட்டார்கள். மூட்டைக்கும் நம்பர், மனிதருக்கும் அதே நம்பர்.

பிரஜைகளின் உரிமை பெற்றோரைப் பொறுத்தது அல்ல என்று கோர்ட்டு சொல்லி அப்போது 24 வருஷம் ஆகவில்லை. எந்தப் பிள்ளைகளைக் குறித்து அதைச் சொன்னதோ அந்தப் பிள்ளைகளும் போகவேண்டியதாயிற்று.

லெமன் வீதி வீட்டின் மாடி அறைச் சுவரில், போகும்போது, பிள்ளைகளில் ஒருவர் பென்சிலை எடுத்து ஒரே ஒரு வரி எழுதினார். வெளியேற்றப்பட்டோம், 1942 மே 23, சனிக்கிழமை, காலை 7 மணி. அவ்வளவுதான். திட்டவில்லை, புலம்பவில்லை. நம் வீடுகளில் குழந்தை பிறந்த நேரத்தைச் சுவரில் எழுதிவைப்பார்கள் அல்லவா? அதுபோல மணிக்கணக்கோடு எழுதிவைத்தார்.

முதியவர்கள் இருவரும் கடைசியில் சேர்ந்த இடம் யூட்டா மாகாணத்தில் டோபாஸ் என்ற முகாம். பாலைவனம். தார்க் காகிதம் போர்த்திய மரக் கொட்டகைகள். கோடையில் புழுதி, குளிர்காலத்தில் பனி. சுற்றிலும் முள்கம்பி. நல்ல காற்றுக்காக வீடு தேடிய கென் அம்மாள் அந்தப் புழுதியில் 1943-ல் காலமானார். அடுத்த வருஷம் ஹராடாவும் போய்விட்டார். கடலில் போட்டாலும் விற்கமாட்டேன் என்றாரே, அந்த வீட்டை அவர் மறுபடி பார்க்கவேயில்லை.

அவர்களுடைய கடைசிப் பிள்ளை ஹெரால்ட் அமெரிக்கப் பட்டாளத்தில் சேர்ந்தார். ஜப்பானிய வம்சத்து வாலிபர்களைக் கொண்டே அமைத்த 442-வது படைப்பிரிவு அது. இத்தாலியிலும் பிரான்சிலும் போரிட்டுப் பெயர் வாங்கிய படை. அதில் இருந்தவர்கள் பலரின் தாய் தகப்பன்மார் அந்த நேரத்தில் முள்கம்பிக்குள் இருந்தார்கள்.

வீட்டைப் பார்த்துக்கொண்டவர்

முகாமுக்குப் போன ஜப்பானியர்களின் சொத்துக்களுக்கு என்ன கதி ஆயிற்று? சிலர் கடையை வந்த விலைக்கு விற்றார்கள். சிலர் சாமான்களைப் பூட்டிவைத்துப் போனார்கள். திரும்பி வந்தபோது பூட்டு உடைந்திருந்தது. வரி கட்டாமல் ஏலம் போன நிலங்கள் உண்டு.

ஹராடா வீடு தப்பியது. அதற்குக் காரணம் ஜெஸ் ஸ்டெப்ளர் என்ற வெள்ளைக்கார நண்பர். அவர் அந்த வீட்டிலேயே வந்து தங்கி, யுத்தம் முடிகிற வரை பார்த்துக்கொண்டார். ஜப்பானியர் வீட்டைக் காவல் காப்பது அந்த நாளில் யாருக்கும் நல்ல பெயர் வாங்கித் தருகிற காரியம் அல்ல. இந்தக் கதையில் வரும் சட்டங்களையும் தீர்ப்புகளையும் புத்தகங்களில் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஸ்டெப்ளருக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், நீதிபதிக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியாவது இவருக்குக் கொடுக்கலாம். தீர்ப்பு வீட்டைக் கொடுத்தது; மூன்று வருஷம் அதைக் காப்பாற்றியது இவர்தான்.

மேற்குக் கரைக்குத் திரும்பலாம் என்று 1945 ஜனவரியில் தடை நீங்கியது. அந்த ஆண்டு சுமி தனியாக வந்து வீட்டுக் கதவைத் திறந்தார். வீடு இருந்தது, சாமான்கள் இருந்தன. தாயும் தகப்பனும் இல்லை. முகாமிலிருந்து வந்த மற்றக் குடும்பங்களுக்குப் போக்கிடமே இல்லை. வாடகைக்குக் கொடுப்பாரும் இல்லை. சுமி அந்த வீட்டில் கட்டில்களைப் போட்டு அவர்களுக்கு இடம் கொடுத்தார். ஒரு குடும்பமே இருக்கக்கூடாது என்று வழக்குப் போட்ட வீட்டில் பல ஜப்பானியக் குடும்பங்கள் வந்து தங்கிப் போயின!

சட்டங்களும் மெல்ல மாறின. இந்தியர்களுக்கு 1946-லும், ஜப்பானியர்களுக்கு 1952-லும் பிரஜா உரிமைக்கு வழி பிறந்தது. அதே 1952-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்த நிலச் சட்டமே செல்லாது என்றது. 1956-ல் ஜனங்கள் ஓட்டுப் போட்டு அதைச் சட்டப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். முகாம்களில் அடைத்தது தவறு என்று அமெரிக்க சர்க்கார் மன்னிப்புக் கேட்டது 1988-ல். உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்தார்கள். ஹராடாவும் கென்னும் இறந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சுமி மட்டும் அந்த வீட்டைவிட்டு நகரவில்லை. ஐந்தாறு வயதில் பத்திரத்தில் பெயர் ஏறிய குழந்தை, கிழவியாகி, 1990-களின் பிற்பகுதி வரை அங்கேயே வாழ்ந்தார். எதையும் தூக்கி எறியாத மனுஷி அவர். குடும்பத்தின் கடிதங்கள், பாத்திரங்கள், துணிமணிகள் எல்லாம் அப்படியே கிடந்தன. சுவரில் எழுதிய வரியின்மேல் சுண்ணாம்பு அடிக்கவில்லை.

பல் டாக்டராகத் தொழில் செய்துவந்த தம்பி ஹெரால்டின் குடும்பத்தார், 2000-களின் தொடக்கத்தில், வீட்டை ரிவர்சைட் நகரத்துக்குக் கொடுத்தார்கள். நகரத்து அருங்காட்சிச் சாலை அதைப் பொறுப்பேற்றது. ஆனால் மர வீடு அல்லவா? அஸ்திவாரம் பலவீனமாகி, முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டிய நிலைமை. அமெரிக்காவில் அழியும் ஆபத்திலிருக்கும் 11 சரித்திர இடங்கள் என்று 2020-ல் ஒரு பட்டியல் வெளியாயிற்று. அதில் இந்த வீடும் ஒன்று. அதைப் பழுதுபார்க்க ஒரு சங்கம் அமைத்துப் பணம் திரட்டும் வேலை நடந்தது.

அந்த வீட்டின் அறைகள் சின்னவை. வருகிறவர்கள் எல்லாரும் ஏககாலத்தில் உள்ளே நுழைய இடம் போதாது. கதையைச் சொல்லவும் படங்களைக் காட்டவும் தனி இடம் தேவைப்பட்டது. அதற்காக அவர்கள் தேர்ந்தெடுத்தது அதே லெமன் வீதியில், ஹராடா வீட்டுக்கு அடுத்தாற்போல் இருக்கும் பக்கத்து வீட்டை.